சத்தம் இருக்கிற வரைக்கும் ஒரு அறை

தேசிங்கு கொண்டுவந்த பெட்டியை மிதித்து கிட்டார் வாசித்தால் வீடு பெரிதாகிறது என்று எங்கள் ஹவுசிங் போர்டு ப்ளாக்கில் சேதி பரவியபோது ரேஷனில் பாமாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் வரிசையை விட்டு யாரும் நகரவில்லை, நின்ற இடத்திலிருந்தே எவ்வளவு பெரிதாகிறது என்று கேட்டார்கள், ஒரு கட்டிலைப் போட்டு அதைச் சுற்றி நடக்கிற அளவு என்று பதில் வந்ததும், சரி, எண்ணெயை வாங்கி வைத்துவிட்டு வந்து பார்க்கலாம் என்றார்கள், வந்து பார்த்தார்கள், சொன்ன அளவு சரியாகத்தான் இருந்தது.

தேசிங்குக்குப் பகலில் ஷேர் ஆட்டோ, முகூர்த்த நாளில் கிட்டார். கல்யாண வரவேற்பிலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழாவிலும் பாட்டுக் கச்சேரி வைக்கிற ஒரு குழுவில் மேடையின் ஓரமாக நின்று வாசிக்கிறவன். இப்போது வருகிற பாட்டுகளுக்கு கிட்டார் ஒரே குரலில் பேசினால் போதாதாம், ஒரு பாட்டில் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி வேண்டும், ஒரு பாட்டில் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி வேண்டும், ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பெட்டி வாங்க அவனுக்குக் கட்டுப்படியாகுமா, அதனால் எல்லாக் குரலும் ஒன்றிலேயே இருக்கிற, யாரும் பேர் கேள்விப்படாத கம்பெனி செய்த, விலை மலிந்த மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்றை மவுண்ட்ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் பார்த்து நின்றான். கடைக்காரர் அவன் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துப் போய் வாசித்துப் பார், தேறினால் வைத்துக்கொள், தேறாவிட்டால் கீறல் விழாமல் கொண்டுவந்து கொடு என்று அனுப்பினார்.

பெட்டி பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. செங்கல்லைவிடக் கொஞ்சம் அகலம், காலால் மிதிக்க மூன்று குமிழ், வலது பக்கம் தையல் மிஷின் மிதி மாதிரி ஒன்று, நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி, அதில் இங்கிலீஷில் பேர் ஓடும். பேரைப் படித்துச் சொல்ல மருமகள் கௌசல்யாவை உட்கார வைத்துக்கொண்டு தேசிங்கு சோதித்தான். டிஸ்டார்ஷன் என்று அவள் படித்ததற்கு ஈரக் கருவாட்டை எண்ணெயில் போட்ட சத்தம் வந்தது, ஓட்டை டின் வாசம் அடிக்கிறது ஆனாலும் பரவாயில்லை என்றான். கோரஸ் என்றதற்கு ஒரு கம்பி நாலு கம்பியாகித் தண்ணீருக்குள் நடுங்கியது, இது தேறும் என்றான். வலது மிதியை ஆட்டினால் கைக்குழந்தை வாயைத் திறந்து மூடி அழுகிற மாதிரி இருந்தது, பேரப்பிள்ளை அதைக் கேட்டுத் தானும் அழுதது. அடுத்து ரிவெர்ப் என்று எழுத்துக்கூட்டினாள் கௌசல்யா, பெரிய இடத்தில் வாசித்தால் வருகிற எதிரொலிக்கு அந்தப் பேர், அவன் ஒரு தட்டு தட்டினான், எதிரே காலண்டர் மாட்டியிருந்த மேற்குச் சுவர், பஸ்ஸில் பிள்ளைக்காரி ஏறினால் நாம் ஒதுங்கிக் கொடுப்போமே அந்த மாதிரி, சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றது.

அவன் பெண்சாதி பொற்கொடி அடுப்போரம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், காலைச் சுற்றிக் கிடந்த துணி மூட்டை இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்தாள். இடம் வந்தால் முதலில் மூட்டையை வைப்பதுதான் எங்கள் வழக்கம். சத்தம் மெலிந்து மெலிந்து அடங்கியதும் சுவர் திரும்பி வந்து மூட்டைகளை முன்பிருந்த இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தது. பொற்கொடி மூட்டையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், இன்னொரு வாட்டி வாசி என்றாள்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. நூல் பிடித்து அளந்து பார்த்தோம், எங்கள் பக்கம் ஒரு சாண்கூடக் குறையவில்லை. அப்படியானால் அந்த இடம் எங்கிருந்துதான் வருகிறது என்று வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பேசினோம், சாயந்தரம் சீரியல் ஆரம்பித்ததும் விட்டுவிட்டோம்.

ஆனால் பெட்டியைச் சோதிப்பதை விடவில்லை. அந்த ரிவெர்ப்புக்குள்ளேயே இங்கிலீஷ் பேர்கள் பல இருந்தன, தேசிங்கு ஒவ்வொன்றாக வாசித்தான், நாங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் நடந்து பார்த்தோம். ஸ்பிரிங் என்றால் ரயில் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக, கால் வைத்தால் தரை விர்ரென்று ஆடியது, பால் காய்ச்ச முடியாது என்று தள்ளிவிட்டோம். ப்ளேட் என்றால் தரை எவர்சில்வர் தட்டு மாதிரிக் குளிர்ந்து வழுக்கியது. சர்ச்சில் அகலம் துளியும் கூடவில்லை, உயரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, ஃபேன் எங்கேயோ மேலே காணாமல் போய்ப் புறா குமுறுகிற சத்தம் மட்டும் கேட்டது, வேர்த்துக் கொட்டியது. ஹால் என்பது கல்யாண மண்டபமேதான், இரண்டு பக்கமும் தூண், அந்தக் கோடியில் நிற்கிறவர் முகம் தெரியாது. கடைசியாக ரூம். அதில் ஒரு கட்டில் போடலாம், சுற்றி நடக்கலாம், ஒரு மாடக்குழி, ஒரு ஜன்னல், ஜன்னலில் எங்கள் தெருவில் விழாத ஒரு வெயில், தரை யாரோ இப்போதுதான் பெருக்கிவிட்டுப் போன மாதிரி. உள்ளே போன யாரும் சீக்கிரம் திரும்பி வரவில்லை, இதுதான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

குறை இல்லாமலும் இல்லை. ஒரு பேரிலிருந்து இன்னொரு பேருக்கு மாற்றும்போது நடுவில் இமை மூடித் திறக்கிற நேரம் சத்தம் அறுந்துபோகும், மலிவுப் பெட்டியில் அது உண்டு, பெரிய கம்பெனிப் பெட்டியில் ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று தொடங்கிவிடும் என்றான் தேசிங்கு. அவனோடு பாஸ் கிட்டார் வாசிக்கிற ஆல்பர்ட் அப்படி ஒரு பெரிய பெட்டியை இரவல் வாங்கிவந்து மாட்டினான். சத்தம் தேன் என்றால் தேன், வராந்தாவில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுவிட்டது, ஆனால் சுவர் நூலளவு அசையவில்லை.

"சோக்கா கீதுல்ல யக்கா?" என்றான் ஆல்பர்ட்.

"சத்தத்த வெச்சிக்கினு நான் இன்னாடா பண்றது" என்றாள் பொற்கொடி.

அதற்கப்புறம் தேசிங்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தால் போதும், வாசலில் ஆள் நிற்கும். புடவையை முழு நீளத்துக்கும் விரித்து மடிக்க ஒருத்தி வந்தாள், வாழ்க்கையில் முதல் தடவை மடிப்பு நேராக வந்தது என்று காட்டிக்கொண்டு போனாள். காலை முழுசாக நீட்டிப் படுக்க ஒரு பெரியவர் வந்தார், நீட்டினதும் தன் உயரம் தனக்கே மறந்துபோயிருந்தது என்றார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மாவு மில்லுக்குப் போகிற மாதிரித் தூக்கு வாளியோடு வந்து நின்றது, நாங்களெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம், தேசிங்கு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க வாசித்தான். பல வருஷமாகக் கிசுகிசு குரலிலேயே சண்டை போட்டு வந்த ஒரு புருஷன் பெண்சாதி வந்து வாய்விட்டுச் சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகப் போனார்கள். எதுவும் செய்யாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

வாசிக்கிறவன் மட்டும் உள்ளே போக முடியாது. தேசிங்கு கிட்டாரோடு ஓரடி எடுத்து வைத்தால் அறையும் ஓரடி தள்ளிப் போகும், நிலாவைத் துரத்துகிற மாதிரி.

பொற்கொடிக்கு இதெல்லாம் பொருட்டில்லை, அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். எண்ணூர் பக்கம் கட்டிக்கொடுத்த அவள் மகள் தமயந்திக்கு நிறைமாசம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது எல்லா ஜனத்துக்கும் உள்ளதுதான், ஆனால் வளைகாப்பு முடிந்து கிளம்பச் சொன்ன நேரத்தில் மாமியார்க்காரி தனபாக்கியம், குத்தலாகக்கூட இல்லை, அக்கறையாகவே, ஒரே கூடத்தில் மூலையில் அடுப்பு, திரைக்கு அந்தப் பக்கம் மகனும் மருமகளும் பிள்ளைகளும், சம்பந்தி படுக்கிறது ஆட்டோவில், இதில் என் மருமகள் எங்கே படுப்பாள், இங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டாள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து தமயந்தி ஒரு ராத்திரிகூடத் தாய்வீட்டில் தங்கியதில்லை, வருவாள், சாப்பிடுவாள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள், புருஷனோடு வந்தால் மூன்று பேர் வராந்தாவுக்குப் போகவேண்டும். அதனால் பொற்கொடி மகளை விட்டுவிட்டுத்தான் திரும்பினாள். வீட்டுக்கு வந்து மகளுக்கென்று வாங்கி வைத்த சுக்கையும் பூண்டையும் டப்பாவில் போட்டு மூடினாள், அந்த டப்பாவை எதற்காகவோ தினமும் திறந்து மூடினாள். பெட்டி வந்த பிறகு அவள் தேசிங்கிடம் கேட்டதெல்லாம் ஒன்றே, இந்த ரூம் எவ்வளவு நாள் தாங்கும்.

வாசிக்கிற வரைக்கும் தாங்கும் என்றான். யாரும் வாசிக்காமலே தாங்க வழியிருக்கிறதா என்று கேட்டாள். அதற்கு லூப் என்று ஒன்று இருந்தது, ஒரு முறை வாசித்ததைப் பெட்டியே பிடித்துவைத்துக்கொண்டு திருப்பித் திருப்பி வாசிக்கும். போட்டார்கள், அறை வந்தது, நின்றது, எல்லோருக்கும் பெருமூச்சு வந்தது. பொற்கொடி ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் உள்ளே டம்ளரில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள், டம்ளர் நிறையவில்லை. ஜன்னல் வெயிலில் ஒரு தூசு கீழே இறங்கி, இறங்கி முடிப்பதற்குள் மறுபடி மேலிருந்தே இறங்கியது. அவள் சொம்போடு வெளியே வந்து, இதில் பெண்ணைப் படுக்கவைத்தால் பத்தாம் மாசம் பத்தாம் மாசமாகவேதான் இருக்கும், எனக்கு வேண்டாம் என்றாள். மனுஷக் கைதான் வேண்டும் என்று அன்றைக்கு முடிவாயிற்று.

சம்பந்தியை வீடு பார்க்க அழைத்தார்கள். விருந்தாளி வந்தால் இருப்பதிலேயே பெரியதைக் காட்டுவது எங்கள் பழக்கம், பக்கத்து வீட்டு நாற்காலி வரும், மேல் வீட்டு ஃபேன் வரும், யார் வீட்டிலோ பூட்டி வைத்த கண்ணாடி டம்ளர் வரும். தேசிங்கும் அந்தப் பழக்கத்தில், ரூமைக் காட்டவேண்டியவன், தனபாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்து கலர் சோடா பாட்டிலைக் கையில் வாங்கியதும் ஹாலை மிதித்துவிட்டான். நாங்கள்கூட அப்படித்தான், அப்படித்தான் என்று தலையாட்டினோம். தூண் தூணாகப் போன இடத்தை தனபாக்கியம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தாள்.

"இது கல்யாணம் பண்ற எடம் சம்பந்தி" என்றாள். "புள்ளத்தாச்சி அந்தக் கோடில வலி வந்து கூப்ட்டா இந்தக் கோடில யாருக்குக் கேக்கும்?"

தேசிங்கு அவசரமாக ரூமுக்கு மாற்றினான், மாற்றும்போது நடுவில் சத்தம் அறுந்தது, மண்டபம் முழுக்க ஒரே இழுப்பில் கூடமாகச் சுருங்கியதில் தனபாக்கியம் நாற்காலியும் கலர் பாட்டிலுமாக வந்து எங்கள் மடியில் விழுந்தாள். கலர் முழுக்கப் புடவையில். அவ்வளவுதான், முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவள் எழுந்தாள், கொசுவத்தை உதறினாள், நிமிர்ந்தபோது எதிரே ரூம் வந்து நின்றிருந்தது.

உள்ளே போனாள். ஜன்னல் விளிம்பைத் தொட்டாள். கட்டில் போடுகிற இடத்தில் தரையிலேயே உட்கார்ந்து காலை நீட்டினாள். அப்புறம் இதற்குக் கதவு உண்டா என்று கேட்டாள், கதவில்லை, திரைதான் என்றோம், திரை போதும் என்று இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் வீடும் எங்கள் வீடு மாதிரிதான், ஒரு பரண் கூடுதல், அவ்வளவே வித்தியாசம். உள்ளே என்ன செய்தாளென்று எங்களுக்குத் தெரியாது, தேசிங்கு ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு, அது முடிந்து இன்னொன்று என்று நிறுத்தாமல் வாசித்தான். அவள் வெளியே வந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது, உள்ளே தண்ணீர் கிடையாது.

"சத்தம் நின்னா செவுரு வந்து தள்ளும்ல? மூட்டைனா பரவால்ல. வயித்துல புள்ள கீது."

"நிக்காது" என்றாள் பொற்கொடி.

"யாரு வாசிப்பா ராவும் பகலும்? சம்பந்தி ஒரே ஆளாவா?"

பொற்கொடி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம், அவள் கேட்கவில்லை, பார்த்தாள், அதனால் எங்கள் ப்ளாக்கில் கிட்டாரைக் கையால் தொட்டேயிராத ஜனம் பூராவும் நான் வாசிக்கிறேன், நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டது.

தமயந்தி வெள்ளிக்கிழமை வந்தாள். தேசிங்கு எல்லோருக்கும் ஒரே ஒரு கம்பியைக் காட்டிக் கொடுத்தான், இதைத் தட்டு, அது மெலிகிற நேரத்தில் மறுபடி தட்டு, தூங்காதே. அதுபோதும் என்று அறையும் ஒப்புக்கொண்டது. மீன் விற்கிறவள் தட்டினால் அறை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது, வெல்டிங் பட்டறைக்காரர் தட்டினால் ஜன்னல் வெயில் வெள்ளையாக அடித்தது, கௌசல்யா தட்டினால் பாடப் புத்தகம் பிரித்த வாசம். கரண்ட் போனால் கீழ் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர். விரல் கிழிந்தவர்கள் துணி சுற்றிக்கொண்டார்கள், துணி சுற்றினால் சத்தம் மழுங்கி அறை மங்கியது, அதனால் அவிழ்த்துவிட்டார்கள். கட்டிலில் தமயந்தி தூங்கினாள் பாருங்கள், எத்தனையோ வருஷத்துத் தூக்கத்தைச் சேர்த்து வைத்துத் தூங்குகிறவள் மாதிரி. பொற்கொடி கஞ்சி கொண்டு போவாள், கால் வீக்கத்துக்கு எண்ணெய் போடுவாள், சும்மா நிற்பாள். முறை எடுக்கிறேன் என்று அவள் வந்தபோதெல்லாம் நாங்கள்தான் விரட்டினோம், உன் பெண்ணோடு இரு, இதற்குத்தானே இத்தனையும் என்று.

ரொம்ப நாளாக வராத தண்ணீர் லாரி ஒரு மத்தியானம் திடீரென்று வந்து ஹாரன் அடித்தது. ப்ளாக்கே குடத்தோடு இறங்கிற்று. தேசிங்கு சவாரியில். முறை கௌசல்யாவுடையது, ஆனால் அந்த வீட்டில் மூன்று மாடி குடம் சுமக்க இருக்கிறவளும் அவள்தான். நீ போ, நான் பிடிக்கிறேன் என்று பொற்கொடி அவள் மடியிலிருந்து கிட்டாரை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு முழங்கால் வலி, நான் இறங்கவில்லை, சுவரோரம் சாய்ந்திருந்தேன். எங்கள் சுவர் வழியாக எல்லாம் கேட்கும், அறைக்குள்ளிருந்து வருகிற குரல் மட்டும் தூரத்தில் கேட்கும்.

"யம்மா, நீயா வாசிக்கிற?" தூரத்திலிருந்து தமயந்தி.

"வாசிக்கிறனா? தட்டிக்கினு கீறேன்."

மறுபடி கம்பி தட்டுகிற சத்தம்.

"உள்ள வாயேன். பக்கத்துல வந்து படு."

"வந்தா ரூம் போயிடும்டி."

"போனா போவட்டும்."

"போவட்டுமா? இதுக்காவ எத்தினி பேரு கையி கிழிஞ்சி கெடக்குது தெரிமா. படு பேசாம."

பாய் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தமயந்தியின் மூச்சு, தூரத்திலிருந்த மூச்சு, என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. என்னடா இது, அறை போய்விட்டதா என்று எழுந்து வராந்தா வழியாகப் போய் எட்டிப் பார்த்தேன்.

அறை நின்றுகொண்டிருந்தது. தமயந்தி பாயை அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் போட்டு, காலும் வயிறும் அறைக்குள்ளே, தலை மட்டும் கூடத்தில், அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலை வைக்க மடியில்லை, மடியில் கிட்டார். அதனால் அம்மாவின் பாதத்தின்மேல் கன்னத்தை வைத்திருந்தாள். பொற்கொடி காலை அசைக்கவில்லை. கம்பியைத் தட்டினாள், தட்டின கையை எடுத்து மகளின் உச்சியில் வைத்துப் பின்னலோடு தடவிக்கொண்டே போனாள், அதற்குள் சத்தம் மெலிந்தது, கையை இழுத்துக் கம்பியைத் தட்டினாள், மறுபடி உச்சியிலிருந்து தொடங்கினாள். அந்தப் பெட்டியில் அந்த ரூமின் சத்தம் அடங்குவதற்கு அவ்வளவு நேரம்தான். தமயந்திக்கு நல்ல நீளப் பின்னல். கீழே குடங்கள் நிறைகிற வரைக்கும், ஜனம் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வருகிற வரைக்கும், நான் நின்று பார்த்த அவ்வளவு நேரமும், அந்தக் கை ஒரு தடவைகூடப் பின்னலின் நுனி வரைக்கும் போகவில்லை.